தாயி என்று ஒரு நம்பர்

போன வாரம் பிரேமலதாவை ஒரு பழைய போனோடு கட்டிலில் உட்கார வைத்துவிட்டு நாம் பாட்டுக்கு எழுந்து வந்துவிட்டோம். பாவம், அந்தப் பெண் ஒரு வாரமாக அப்படியேதான் இருக்கிறாள். சோறு இறங்கவில்லை. வேலை பார்க்கிற பல் டாக்டர் ஆஸ்பத்திரியில் ஒருவர் பெயரை இன்னொருவருக்கு எழுதிக் கொடுத்து, டாக்டரிடம் பேச்சும் வாங்கிவிட்டாள்.

இன்றுதான் வந்து சேர்ந்தவர்களுக்கு ரெண்டு வரி சொல்லிவிடுகிறேன். அவள் அப்பா நயினாருக்கு அறுபத்தேழு வயது. தாராவியில் தோல் பை செய்கிற பட்டறைகளில் நாற்பது வருஷம் கட்டிங் மாஸ்டர். மனைவி வடிவு கொரோனாவில் போய் ஐந்து வருஷம் ஆகிறது. மூன்று வாரத்துக்கு முன்னால், ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்ற பேராச்சி என்கிற ஐம்பத்தொன்பது வயது அம்மாளை, பிள்ளையார் கோயிலில் மாலை மாற்றிக் கூட்டி வந்துவிட்டார். செம்பூரில் இருக்கிற மகளுக்கும் பாண்டுப்பில் இருக்கிற மகன் மாரிக்கண்ணனுக்கும் ரெண்டு நாள் முன்னால்தான் சொன்னார். அதுவும் ஒரே வாக்கியத்தில்.

பிள்ளைகள் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தார்கள். வயசான காலத்தில் கஞ்சி வைத்துக் கொடுக்க ஒரு ஆள் என்று மனசைத் தேற்றிக்கொண்டார்கள். அந்தத் தேறுதலில் முதல் ஓட்டை போட்டது கீழ்வீட்டு பரீஹா.

அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆறு மாசம் முன்னால் அந்த அம்மா முதல் தடவை வந்தபோது யாரிடமும் வழி கேட்கவில்லை என்றாள். சந்துக்குள் ஆடுகிற சாக்கடைக் கல்லைத் தாண்டிக் கால் வைத்தாளாம். தலையில் இடிக்கிற இரும்புக் கம்பிக்குத் தானாகக் குனிந்தாளாம். நேராக வந்து நயினாரின் மாடி அறைக்குப் போகிற ஏணியில் ஏறினாளாம். தாராவியில் பிறந்து வளர்ந்தவர்களே நாலு பேரிடம் கேட்டுத்தான் ஒரு வீட்டைப் பிடிக்க முடியும். அப்படியென்றால் அவள் இதற்கு முன்னாலும் வந்திருக்கிறாள். எப்போது?

ரெண்டாவது, அந்த போன். அம்மா போன மறுவாரமே அப்பா அதை அணைத்து மகள் கையில் கொடுத்துவிட்டு வேறு போன், வேறு நம்பர் வாங்கிக்கொண்டார். அம்மாவின் படம் எதுவும் அதில் இருக்குமா என்று போன வாரம் சார்ஜ் போட்டுப் பார்த்தாள் பிரேமலதா. படம் கிடைக்கவில்லை. அழைப்புகளின் வரிசைதான் கிடைத்தது. 2020 ஜூன் மாசம். அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த பதினோரு நாளும், தினம் சாயங்காலம் ஆறு மணிக்கு, நாற்பது நிமிஷத்துக்குக் குறையாமல் ஒரே நம்பருக்குப் பேச்சு. அந்த நம்பர், கல்யாணத்தன்று பேராச்சி அவளிடம் எழுதிக் கொடுத்த அதே நம்பர்.

அப்பா அதை 'தாயி' என்று பதிந்து வைத்திருந்தார்.

பிறந்ததிலிருந்து அவர் பிரேமலதாவைக் கூப்பிடுகிற பெயர் அது.

அந்தப் பதினோரு நாளில் அவளோடு அவர் பேசியதெல்லாம் சேர்த்தால் பதினோரு நிமிஷம் தேறாது. "அம்மைக்கு எப்படிப்பா?" என்றால் "பாப்போம்" என்று வைத்துவிடுவார். அம்மா மூச்சுக்குத் திண்டாடியபோது இந்த மனுஷர் யாரோடு, என்னத்தைப் பேசிக்கொண்டிருந்தார்?

அவளுக்குத் தெரிய வேண்டியது அது ஒன்றுதான். ஆமாம், அப்பா அப்படித்தான் இருந்தார் என்றால், அம்மாவோடு சேர்த்து அப்பாவும் அன்றைக்கே போய்விட்டார் என்று அர்த்தம். மாரிக்கண்ணன் போனில் இன்னும் சுருக்கமாகச் சொல்லிவிட்டான்.

"அவரு வாயாலயே கேட்டுருவோம்க்கா. ஆமான்னாருன்னா, அம்புட்டுதான், முடிஞ்சுது. நீயும் நானும் இனிமே அந்த ஏணியில கால் வைக்கப் பிடாது. இடிச்சுட்டுப் புது வீடு குடுக்கதுக்கு ரூமுக்குச் சர்வே நம்பர் ஒட்டிட்டுப் போன நேரம் பாத்து வந்திருக்கா பாரு, அதையும் யோசி."

அப்பாவே ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ரெண்டு பேரையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். "வந்துருங்க" என்ற ஒற்றை வார்த்தையில்.

பிரேமலதா ஒரு மணி நேரம் முன்னாலேயே கிளம்பினாள். ஆட்டோவை சயானில் விட்டுவிட்டு நடந்தாள். சந்து முனையில் அப்துல் ரவூப் பாய் இஸ்திரிப் பெட்டியை நிறுத்திவிட்டு, அப்பா வாழையிலை வாங்க மாட்டுங்காவுக்குப் போயிருக்கிறார் என்று சொன்னார். நல்லதாயிற்று என்று நினைத்துக்கொண்டாள்.

மேலே பேராச்சி தரையில் உட்கார்ந்து தேங்காய்ப்பால் பிழிந்துகொண்டிருந்தாள். "வா யம்மா" என்று எழப்போனவளை இவள் கையைக் காட்டி உட்கார வைத்தாள். தண்ணீர் கொடுத்ததை வாங்கவில்லை. பையிலிருந்து போனை எடுத்து அந்த வரிசையைத் திறந்து, தேங்காய்த் துருவலுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இது உங்க நம்பர்தான?"

பேராச்சி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு போனை எட்டப் பிடித்துப் பார்த்தாள். பார்த்தவள் முகத்தில் சின்னதாக ஒரு சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பில் பிரேமலதாவுக்கு உள்ளங்கால் வரைக்கும் எரிந்தது.

"தாயின்னா போட்டு வச்சிருக்காவ?"

"அது எங்கப்பா என்னையக் கூப்பிடுத பேரு. அத உங்களுக்கு எப்பம் தூக்கிக் குடுத்தாரு? எங்கம்ம ஆக்ஸிஜன்ல கெடக்கும்போதா?"

பேராச்சியின் சிரிப்பு அணைந்தது. ஆனால் அவள் பதறவில்லை. இருபத்தாறு வருஷம் வார்டில் நின்றவள். அழுகிறவர்களையும் அடிக்க வருகிறவர்களையும் பார்த்தவள்.

"அவிய குடுக்கல யம்மா. வார்டுல குடுத்த பேரு அது. மராத்திக்காரங்க அக்காவத் தாயின்னுதான கூப்பிடுவாங்க? டாக்டர்லேருந்து பெருக்குதவன் வரைக்கும் எனக்கு அதான் பேரு. உங்கப்பா போனுக்குள்ள அந்தச் சத்தத்தக் கேட்டுட்டு, நம்ம ஊரு தாயின்னு நெனச்சுக்கிட்டாவ."

பல் டாக்டர் ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிற சாதனாவைப் பிரேமலதாவே தினம் பத்துத் தடவை தாயி, தாயி என்று கூப்பிடுகிறாள். மராத்தியில் வாயால் சொல்லும்போது அது எவரோ ஒரு அக்கா. தமிழ் எழுத்தில் கண்ணால் பார்த்தபோது அது அவளுக்கே சொந்தமான வார்த்தையாகிவிட்டது. ஒரு வாரமாக அந்த ரெண்டு எழுத்து அவளைத் தூங்க விடவில்லை.

இருந்தாலும் அந்த நாற்பது நிமிஷம் அப்படியேதானே இருக்கிறது? அதைக் கேட்டாள்.

பேராச்சி சொல்ல ஆரம்பித்தாள். வடிவைக் கொண்டுவந்து சேர்த்த அன்றைக்கு, அவளுடைய போன் எங்கேயோ விழுந்துபோயிருந்தது. பக்கத்தில் தமிழ் பேசுகிற ஆயா ஒருத்தி இருக்கிறாள் என்று தெரிந்ததும், மூச்சு வாங்கிக்கொண்டே ஒரு நம்பரைச் சொன்னாளாம். அவளுக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே நம்பர் அது. வார்டுக்குள் போன் பேசக் கூடாது, பிடிபட்டால் வேலை போய்விடும். அதனால் யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று நயினாரிடம் சொல்லிவிட்டு, அந்த நீலப் பிளாஸ்டிக் உடுப்புக்குள் தன் பட்டன் போனை ஒளித்துக்கொண்டு போய் வடிவின் காதில் வைத்தாள்.

மாஸ்க் போட்டிருந்ததால் வடிவால் பேச முடியாது. முதல் நாள் அவள் சொல்ல முடிந்தது ஒன்றே ஒன்றுதான். வீட்டுக்கு.

"அந்தப் பக்கம் செத்த நேரம் சத்தமே இல்ல. சரி, அழுதாவ போலன்னு நெனச்சேன். பெறகு சொன்னாவ, 'சரி வடிவு, எந்திரி. செருப்பப் போடு. போவோம்'னு."

அன்று தொடங்கிய நடை அது. முதல் நாள் கட்டிலிலிருந்து வார்டு வாசல் வரைக்கும் நடத்திக் கூட்டிப்போனார். ரெண்டாம் நாள் ஆஸ்பத்திரி கேட், வெளியே கட்டிங் சாய் என்கிற அரை கிளாஸ் டீ விற்கிறவன், அவனிடம் ஆளுக்குப் பாதி. மூன்றாம் நாள் சயான் பாலம். வெயில் தணியட்டும் என்று பாலத்தடியில் அவளைக் கொஞ்சம் உட்கார வைத்தார். அவளுக்கு முழங்கால் வலி என்பதால் வேகமாக நடக்கவில்லை. அவள் நின்று பார்க்கிற வளையல் கடையில் நின்றார். அவள் பேரம் பேசிவிட்டு வாங்காமல் போகிற மீன்காரியிடம் அவளுக்காகப் பேரம் பேசினார். தாராவியின் தொண்ணூறு அடி ரோட்டில் எதிரே வந்தவர்களிடமெல்லாம், உடம்பு தேவலை, வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறோம் என்று சொன்னார்.

அந்த ஜூன் மாசம் எப்படி இருந்தது என்று உங்களுக்கும் தெரியும். தாராவியில் ஒரு கடை திறந்திருக்கவில்லை. தகரத்தை வைத்து சந்துகளை அடைத்திருந்தார்கள். ரோட்டில் போலீஸைத் தவிர ஆள் கிடையாது. இந்த மாடி அறையில் தன்னந்தனியாக உட்கார்ந்துகொண்டு, அந்த மனுஷர் ஒவ்வொரு கடையாகத் திறந்து வைத்திருக்கிறார்.

"ஒவ்வொரு திருப்பத்துலயும், 'செத்த நில்லு வடிவு, மூச்சு வாங்கிக்கோ'ம்பாவ. அவ நெஞ்சு ஏறி எறங்குதத நான் பாத்துக்கிட்டே இருப்பேன் யம்மா. அவிய நில்லுன்னா நிதானமா ஆகும். மெஷின்ல நம்பர் ரெண்டு கூடும். டாக்டர் வந்து, என்ன குடுத்தீங்கன்னு கேட்டா நான் என்னத்தச் சொல்ல?"

பிரேமலதா அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

சாக்கடைக் கல் ஆடும், தாண்டிக் கால் வை. கம்பி இருக்கு, குனி. இதெல்லாம் பேராச்சியின் காதுக்குள் தினம் விழுந்த வார்த்தைகள். போனை வடிவின் காதில் வைத்துப் பிடித்திருக்கும்போது இவள் தலையும் பக்கத்தில்தானே இருக்கும்? இந்தச் சந்து வழியையும் இந்த ஏணியையும் கண்ணால் பார்க்குமுன்னே பேராச்சி காதால் நடந்து வந்திருக்கிறாள்.

தன் அப்பாவா என்று பிரேமலதாவுக்கு நம்ப முடியவில்லை. பள்ளிக்கூடத்தில் அவள் முதல் மார்க் வாங்கியபோது "உம்" என்றவர். அவள் கல்யாணத்தில் சம்பந்தியிடம் பேச ஆள் வைத்துக்கொண்டவர். முப்பத்தெட்டு வருஷமாக அவள் பார்த்த அந்த வாயில்லாத மனுஷருக்குள் இத்தனை வார்த்தை எங்கே இருந்தது? அம்மாவுக்காவது தெரிந்திருந்ததா, இல்லை அவளும் அந்தப் பதினோரு நாளில்தான் கேட்டாளா? மலை அடிவாரத்தில் வீடு கட்டிக் குடியிருந்துவிட்டு, ஒருநாள் தலையைத் தூக்கி மலையைப் பார்த்தவள் மாதிரி அவள் உட்கார்ந்திருந்தாள்.

"கடைசி நாளு?" என்று கேட்டாள்.

பேராச்சி எழுந்து போய் ஏணி வழியாகச் சந்துக்குள் எட்டிப் பார்த்தாள். திரும்பி வந்து உட்கார்ந்து, குரலை இறக்கிக்கொண்டாள்.

"அன்னைக்கு அஞ்சு இருவதுக்கே முடிஞ்சுபோச்சு யம்மா."

தெருவில் யாரோ தண்ணீர்க் குழாயில் குடத்தை வைத்த சத்தம் கேட்டது.

"உடம்பக் கட்டி எடுக்குத ஆளு வர ஒரு மணி நேரம் ஆகும்னாங்க. ஆறு மணிக்குப் போன் அடிக்கி. சொல்லிரணும்னுதான் எடுத்தேன். நான் வாயத் தொறக்கதுக்குள்ள, 'வடிவு, ஏணி ஒண்ணுதான் பாக்கி, ஏறிருவோமா'ன்னுட்டாவ."

"நீங்க என்ன செஞ்சிய?"

"அவ காதுல வச்சேன்."

ஒன்பது படி. ஒவ்வொரு படிக்கும் நின்று, மூச்சு வாங்கிக்கொள்ளச் சொல்லி, நயினார் தன் மனைவியை மேலே ஏற்றிக்கொண்டு வந்தார். பாயை விரித்தார். ஜன்னலைத் திறந்தார். வீட்டுக்கு வந்தாச்சு, படுத்துக்கோ என்றார். நாற்பத்தைந்து நிமிஷம். கை மரத்துப்போய், மறு கைக்குப் போனை மாற்றிப் பிடித்து, ஒரு தடவைகூட மூக்கை உறிஞ்சாமல் நின்றிருக்கிறாள் பேராச்சி. சத்தம் வந்தால் அவருக்குக் கேட்டுவிடுமே என்று. அதற்கு அப்புறம்தான் ஆஸ்பத்திரியிலிருந்து மாரிக்கண்ணனுக்குத் தகவல் போயிற்று.

ஓய்வு பெற்றதும், இந்தப் பாரத்தை இறக்கி வைக்கத்தான் தான் குடியிருந்த தேவ்நாரிலிருந்து தேடிக்கொண்டு வந்தாளாம். யாரிடமும் வழி கேட்க வேண்டியிருக்கவில்லை. கதவைத் திறந்த நயினார் அவள் குரலைக் கேட்டதுமே கண்டுகொண்டார். இவள் விஷயத்தைத் தொடங்குமுன் அவர் முந்திக்கொண்டார். அன்னைக்கு நீ போனைப் பிடிக்கலைன்னா அவ பாதி வழியிலயே நின்னுருப்பா தாயி, வீடு வந்து சேந்துருக்க மாட்டா என்றார்.

"அதுக்கு மேல நான் எப்படிச் சொல்லட்டும்? அடுத்த தடவ சொல்லுவோம், அடுத்த தடவ சொல்லுவோம்னு வந்து வந்து, இங்ஙனயே தங்கும்படியா ஆயிட்டு. ஒரு வீட்டுக்குள்ள இருந்துக்கிட்டு இத மறைக்கது பாவம்னு தோணுது. நீ அவளுக்கு மக. சொல்லுன்னா இன்னைக்கே சொல்லிருதேன்."

பிரேமலதா வாயைத் திறக்குமுன் கீழே பேச்சுக் குரல் கேட்டது. அப்பாவும் தம்பியும் சேர்ந்தே வந்துவிட்டார்கள்.

நயினார் இலைக்கட்டோடு ஏறி வந்தார். பின்னாலேயே வந்த மாரிக்கண்ணன் உட்காரவில்லை. பேராச்சி நீட்டிய தண்ணீரை அவனும் வாங்கவில்லை. அக்கா பேசுவாள் என்று ஒரு கணம் பார்த்தான். அவள் தலையைக் குனிந்திருந்தாள். அவனே கேட்டான்.

"அப்பா, அம்ம ஆஸ்பத்திரில கெடக்கும்போது, தினம் நாப்பது நிமிசம் இவங்ககூடப் பேசுனீங்களா, இல்லையா?"

"மாரி, விடு" என்றாள் பிரேமலதா.

"நீதானக்கா காட்டுன? இப்பம் விடுன்னு சொல்லுத?"

நயினார் கோபப்படவில்லை. இலைக்கட்டைப் பிரித்து, ஒவ்வொன்றாகத் துடைத்துப் போட்டார். நாலாவது இலையைப் போட்டுவிட்டுத்தான் பேசினார்.

"பேசுனேன். இவகூட இல்ல. உங்கம்மகூட."

அதற்கு மேல் அவருக்குச் சொல்ல வரவில்லை. மிச்சத்தைப் பிரேமலதாதான் சொன்னாள். பாலம், வளையல் கடை, ஆடுகிற கல் என்று தெரிந்த மட்டும் சொல்லிக்கொண்டு வந்தாள். கேட்கக் கேட்க மாரிக்கண்ணனின் தோள் இறங்கிற்று. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, ஒரு இலை முன்னால் சத்தமில்லாமல் உட்கார்ந்தான். பேராச்சி மறுபடியும் தண்ணீரை வைத்தாள். குடித்தான்.

எல்லாம் இதோடு நல்லபடியாக முடிந்துவிடும் போலத்தான் இருந்தது.

"கடைசி நாளும் பேசுனீங்களாப்பா?" என்று கேட்டான் மாரிக்கண்ணன். பாசத்தில்தான் கேட்டான்.

"பின்ன? ஆறு மணிக்கு ஆரம்பிச்சு ஆறே முக்கா வரைக்கும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தா. வீட்டுக்கு வந்துட்டுத்தான் போனா உங்கம்ம."

சொல்லும்போது அந்த முகத்தைப் பார்க்க வேண்டும். ஐந்து வருஷமாக அந்த மனுஷரை நடமாட வைத்துக்கொண்டிருந்தது எது என்று பிரேமலதாவுக்கு அப்போதுதான் புரிந்தது.

தண்ணீர்ச் செம்போடு மாரிக்கண்ணனின் கை நின்றுவிட்டது. அன்றைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகவிட்டது அவன் ஒருத்தனைத்தான். கையெழுத்துப் போட்டதும் அவன்தான், கட்டிக் கொடுத்த உடம்பைச் சுடுகாடு வரைக்கும் கொண்டுபோனதும் அவன்தான்.

"ஆறே முக்காலா? ஆஸ்பத்திரிக்காரன் குடுத்த சீட்டுல நேரம் போட்டிருந்துச்சேப்பா. அதுல..."

பேராச்சி கையிலிருந்த கரண்டி பாத்திரத்தில் தட்டியது.

"ஆறு அம்பது" என்றாள் பிரேமலதா. "நான் பாத்திருக்கேன். ஆறு அம்பதுன்னுதான் போட்டிருக்கு."

அவள் அந்தச் சீட்டைக் கண்ணாலும் கண்டதில்லை. அது தம்பிக்குத் தெரியும். அவன் அக்காவைப் பார்த்தான். பிறகு பேராச்சியைப் பார்த்தான். என்ன கண்டானோ, அந்த வாயாடிப் பிள்ளை முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டு இலையில் தண்ணீர் தெளித்தான்.

பேராச்சி சோறு பரிமாற வந்தாள். பிரேமலதா எழுந்து அவள் கையிலிருந்து குழம்புச் சட்டியை வாங்கிக்கொண்டாள். ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொள்ளவில்லை. பார்த்தால் அழுதுவிடுவோம் என்று ரெண்டு பேருக்கும் தெரியும்.

நயினார் முதல் கவளத்தைப் பிசைந்தார். வாய்க்குக் கொண்டுபோகாமல் அப்படியே வைத்திருந்தார்.

"ஆறு அம்பது" என்று தனக்குள்ளே சொல்லிப் பார்த்துக்கொண்டார். "அப்பம் நான் போன வச்சு அஞ்சு நிமிசம். படுத்து, கண்ண மூடியிருக்கா."

பிரேமலதா குழம்புச் சட்டியைத் தரையில் வைத்தாள்.

"ஏலே மாரி, அந்தச் சீட்டு ஒங்கிட்டதான இருக்கு? நாளைக்கு வேலைக்குப் போற வழியில கொண்டாந்து குடுத்துட்டுப் போ."

"இங்கிலீஷ்லல்லாப்பா எழுதியிருக்கு" என்றான் மாரிக்கண்ணன்.

"இருக்கட்டும். அந்த நேரத்த மட்டும் நான் பாத்துக்கிடுதேன்."

இங்கிலீஷ்தான் தெரியாது நயினாருக்கு. நாற்பது வருஷம் இஞ்சுக் கோலைப் பிடித்துத் தோல் வெட்டியவர். நம்பர் தெரியாதவர் இல்லை.